ஹேமகுண்டத்துக்குப் பனி வழியே

மும்பைவாசிகளாகிய நமக்கு மலை என்றால் மாதேரான். பனி என்றால் மீன் கடையிலே உடைத்துப் போடும் ஐஸ் கட்டி. ஆகவே செம்பூரில் எங்கள் அண்டை வீட்டுச் சீக்கியக் குடும்பத்தார் ஹேமகுண்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாங்கள் கதை கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருப்போம். பத்தாம் குருவான கோவிந்த சிங் முற்பிறவியில் தவமியற்றிய தலம் என்று அவர்கள் போற்றும் ஏரி அது. அதன் கரையில் லட்சுமணருக்கும் ஒரு கோயில் உண்டென்று கேட்ட நாள் முதல் எங்கள் அத்தைக்கு உறக்கமில்லை. ஒரு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐவராகப் புறப்பட்டோம்.

உத்தராகண்டத்தில் கோவிந்த்காட்டை அடுத்த புல்னா வரையில்தான் வண்டி செல்லும். பிறகு காங்கரியா வரை ஒரு நாள் நடை. அங்கிருந்து ஏரிக்கு 6 கிலோமீட்டரே. ஆனால் அந்த 6 கிலோமீட்டரில், சுமார் 10,000 அடி உயரத்திலிருந்து 14,000 அடிக்கும் மேலே ஏறவேண்டும். மேலே இரவு தங்க அனுமதியில்லை; அன்றே ஏறி அன்றே இறங்கியாக வேண்டும்.

வழி திறக்குமுன் ஆண்டுதோறும் ராணுவத்தார் பனியை வெட்டிப் பாதை அமைக்கின்றனர். பாதை திறந்த முதல் வாரங்களில் இருபுறமும் பனிச்சுவர் நிற்கும். இரவில் இறுகிய பனி காலையில் கண்ணாடி போல் வழுக்கினாலும் ஆளைத் தாங்கும். நண்பகலுக்குமேல் வெயிலில் இளகிக் காலை உள்ளே வாங்கும், சரிவுகளும் நெகிழும். 2023 ஜூன் 4 அன்று மாலை அட்லகோட்டி என்னுமிடத்தில் பனி சரிந்து, இறங்கி வந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பெண்மணி உயிரிழந்தார். இதைத் தெரிந்துகொண்டே சென்றதால், எங்கிருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்புவது என்று தீர்மானித்திருந்தோம்.

அந்த அட்லகோட்டியிலேதான் அத்தைக்குத் தலைவலி கண்டது. அடுத்து வாந்தி. உயரத்தினால் வரும் நோய்க்குக் கீழே இறங்குவதே மருந்து. "இவ்வளவு தூரம் வந்தாயிற்றே, கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று அத்தை வாதாடினார். தம்பி ஒன்றும் பேசவில்லை. ஓராண்டு விடுமுறையைச் சேர்த்து வைத்து வந்தவன் அவன். அத்தையின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வாருங்கள் அத்தை, நானும் வருகிறேன்" என்றான். அத்தை எங்களிடம் ஒரு சிறு பித்தளைச் சொம்பைத் தந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாங்கள் மூவரும் ஏரியை அடைந்தபோது பதினொன்றரை மணி. நடுவிலே வெண்பனி, கரையோரம் மட்டும் ஒரு முழ அகலத்துக்குக் கருநீலத் தண்ணீர். குருத்வாராவில் சுடச்சுடத் தேநீரும் கிச்சடியும் கொடுத்தார்கள். அந்தக் குளிரில் அதற்கு ஈடான விருந்து எதுவுமில்லை. சொம்பை நிரப்பிக்கொண்டு பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டோம். முழங்கால் வரை புதைந்து புதைந்து வந்தோம்.

காங்கரியாவில் அத்தை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சொம்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டபின், முதலில் தம்பியின் தலையில் தெளித்தார். பிறகுதான், "லட்சுமணர் கோயில் திறந்திருந்ததா?" என்று கேட்டார்.

வாசற்படி வரை பனி மூடியிருந்தது என்றோம்.