புதர் நிற்கும் வயல்

செனகல் நாட்டின் நிலக்கடலை வட்டாரம். மணல் மண். ஜூன், ஜூலையில் பிடிக்கும் மழை அக்டோபரோடு நின்றுவிடும். கம்பும் கடலையும் மாறி மாறி விதைக்கிறார்கள். வயலுக்குள் தானாக முளைத்து நிற்பவை இரண்டு குத்துச்செடிகள்: கியேரா செனகலென்சிஸ், பிலியோஸ்டிக்மா ரெட்டிகுலாட்டம். இரண்டாவது, நம் ஆத்திக்கு நெருங்கிய சொந்தம். இலையும் அப்படியே இரட்டைப் பிளவு.

*

விதைப்புக்கு முன் புதரை ஒட்ட வெட்டி, தழையைக் குவித்துக் கொளுத்துவது அங்கே வழக்கம். வேர் சாகாது, மறுபடி துளிர்க்கும். ஆனால் மண்ணில் மட்கியிருக்க வேண்டிய கரிமமும் தழைச்சத்தும் புகையாகப் போய்விடுகின்றன.

*

புதரடி மண்ணில் கரிமமும் நுண்ணுயிரும் அதிகம். சற்றுத் தள்ளிப் போனால் குறைவு. காரணங்கள்: உதிரும் இலை, நிழல், வேர் கசியும் சர்க்கரை, காற்றோடு வரும் புழுதியைக் கிளை தடுத்து நிறுத்துவது. பிலியோஸ்டிக்மா அவரைக் குடும்பம்தான், ஆனாலும் வேர்முடிச்சு போடாது. காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்காமலே இத்தனையும் செய்கிறது.

*

இரவில் நடப்பது இன்னும் பெரிது. இலைத்துளைகள் மூடியதும் ஆழ்வேர் இழுத்த நீர் மேலேறி, காய்ந்த மேல்மண்ணில் கசிகிறது. அமெரிக்காவின் உட்டாவில் ஒரு புதரில் கண்ட இதை ரிச்சர்ட்ஸ், கால்ட்வெல் என்ற ஆய்வாளர்கள் 1987இல் எழுதினார்கள். செனகலில் கியேராவின் ஆழ்வேருக்கு டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கலந்த நீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது பக்கத்துக் கம்புப் பயிரில் தென்பட்டது. 2018இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மழை இடையில் தவறும் நாட்களில் பயிரைத் தாங்க இந்தக் கசிவு உதவுகிறது.

*

அதே ஈரத்தில்தான் நுண்ணுயிரும் பிழைக்கிறது. வெற்று மண்ணில் கோடை வந்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெரும்பாலும் முடங்கிவிடும். புதரடியில் வேலை தொடர்கிறது: இலை மட்குகிறது, சத்து பிரிகிறது. முதல் மழையில் முளைக்கும் பயிருக்கு இரை முன்கூட்டியே தயார்.

*

மறுபக்கத்தையும் எழுதிவைக்க வேண்டும். நியூ மெக்சிகோவின் ஹோர்னாடா புல்வெளியில் புதர் பரவியபோது, பரவலாக இருந்த வளம் புதரடிகளில் குவிந்தது, இடைவெளிகள் பொட்டலாயின. 1990இல் ஆய்வாளர் ஷ்லெசிங்கரும் அவருடைய சகாக்களும் அதைப் பாலைவனமாதலின் அடையாளமாகவே கண்டார்கள். குவிக்கும் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஹோர்னாடாவில் புல் இருந்த நிலம். செனகலில் ஏற்கெனவே தேய்ந்துபோன வயல். எந்த நிலத்தில், எதற்குப் பதிலாக நிற்கிறது என்று கேட்காமல் புதரை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

*

செனகல் சோதனை வயல்களில் ஹெக்டேருக்கு ஆயிரத்துக்கும் மேல் புதர் விட்டார்கள்; உழவர் வயலில் சில நூறுதான். தழையை எரிக்காமல் மண்ணிலேயே போட்டார்கள். கம்பு விளைச்சல் கூடியது.

*

2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கிய மரம் வளர்ப்புத் திட்டமான பெரும் பசுமைச் சுவர், செனகலிலிருந்து ஜிபூட்டி வரை திட்டமிடப்பட்டது. கன்று நடப் போகிறவர்கள் முதலில் அங்கே வேரோடிக் கிடக்கும் புதர்களை எண்ணட்டும். நட வேண்டாம், நீரூற்ற வேண்டாம். கொளுத்தாமல் விட்டால் போதும்.