மூத்தவள் கட்டியது

கணவனும் மனைவியும் சேர்ந்து ஊர் பார்க்கப் புறப்பட்டால், இருவரும் ஒரே ஊரைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே ரயிலில் போகிறார்கள்; ஒரே பொட்டலத்துப் புளியோதரையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்; ஒரே இடத்தில் போய் இறங்குகிறார்கள். அதற்கு மேல் அவர் பார்க்கிற ஊர் வேறு. அவள் பார்க்கிற ஊர் வேறு. சென்ற மாசியில் டில்லிக்குப் போய் வந்ததில் இது எனக்கு ஐயமறத் தெளிவாயிற்று.

எங்கள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். "அதற்குப் பிறகு சீர், செய்முறை, தலைதீபாவளி என்று ஓய்வே இருக்காது. போவதென்றால் இப்போதே போய் வந்துவிடலாம்" என்றாள் என் மனைவி. அவள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. போன வருஷம் ஐப்பசியில் எனக்கு நெஞ்சு வலி வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அன்றிலிருந்து அவள் எதையும் 'அப்புறம்' என்று தள்ளிப் போடுவதில்லை.

கரோல் பாக்கில் அவளுடைய சித்தி மகன் இருக்கிறான். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பேட்டை. காலையில் பில்டர் காபிக்குக் குறைவில்லை. "அத்தான், திங்கட்கிழமை செங்கோட்டை கிடையாது. மற்ற நாளில் போங்க" என்று சொல்லி, மூன்று நாளைக்கு ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்துவிட்டான்.

செங்கோட்டையில் நான் ஆண்டுகளைப் பார்த்தேன். 1639இல் ஷாஜஹான் அஸ்திவாரம் போட்டது, 1648இல் குடி புகுந்தது, மயிலாசனத்தை நாதிர் ஷா 1739இல் அள்ளிக்கொண்டு போனது எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கிக்கொண்டே நடந்தேன். அவள் பளிங்குத் தரையில் ஓடிய வாய்க்காலின் தடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஓடியிருக்கிறது. தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. அது சரிங்க, சமையற்கட்டு எங்கே? பொம்பளைங்க எல்லாரும் எங்கே இருந்தாங்க?"

நான் கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினேன். 1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் கோட்டைக்குள்ளிருந்த கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். அந்தப்புரக் கட்டடங்கள் பலவும் அதோடு போயின. அங்கே பட்டாளத்துக்குப் பெரிய பெரிய கொட்டடிகள் எழும்பின. அவை இன்றும் நிற்கின்றன.

"ராஜா உட்கார்ந்த இடத்தை விட்டுவிட்டு, குடித்தனம் பண்ணின இடத்தை இடிச்சிருக்காங்க" என்றாள். சரித்திர ஆசிரியர்கள் அரைப் பக்கத்தில் எழுதுவதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

குதுப் மினாரிலும் இதே கதைதான். எழுபத்திரண்டரை மீட்டர் உயரம், உள்ளே 379 படி என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 1981இல் நடந்த நெரிசலில் பள்ளிக் குழந்தைகள் பலர் மாண்டுபோன நாளிலிருந்து மேலே ஏற யாரையும் விடுவதில்லை. அவளோ பக்கத்திலிருந்த இரும்புத் தூணை விட்டு நகரவில்லை. ஆயிரத்து அறுநூறு வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, அழியும்படி துருப்பிடிக்கவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே மெல்லிய படலம் ஒன்று உண்டாகிக் காக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

"என் அரிவாள்மணை ஒரு அடைமழைக்குத் தாங்க மாட்டேங்குது. இந்தக் கொல்லன் யாரோ!" என்றாள். கொல்லன் பெயர் தூணில் இல்லை. சந்திரன் என்ற அரசனின் பெயர்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் புராணா கிலாவுக்குப் போனோம். உள்ளே ஷேர் மண்டல் என்று சிவப்புக் கல்லில் எட்டுப் பட்டையாய் ஒரு சிறு கட்டடம். ஹுமாயூன் பாதுஷா அதைப் புத்தக சாலையாக வைத்திருந்தார் என்பார்கள். 1556 ஜனவரியில் ஒரு மாலைப் பொழுதில் அதன் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது தொழுகைக்கு அழைக்கும் குரல் கேட்டதாம். மரியாதையாக அங்கேயே மண்டியிடப் போனவர், அங்கி காலில் சிக்கி உருண்டு விழுந்தார். சில நாட்களில் உயிர் போய்விட்டது.

"பார்த்தீங்களா? நீங்களும் மாடிப்படியில் புத்தகத்தைப் பார்த்துக்கிட்டேதான் இறங்குறீங்க" என்றாள். பிறகு, "அவருக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பிறந்தது 1508 மார்ச். "நாற்பத்தேழு" என்றேன்.

எனக்கும் நாற்பத்தேழு. அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஹுமாயூன் சமாதிக்குப் போகும்வரை என் சட்டைக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சமாதியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு பாகமாக வகுத்த பெரிய தோட்டம். நடுவே உயர்ந்த மேடை. மேடை மேல் சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்கும் இழைந்த மாளிகை. அதற்கு மேல் வெண்ணிறக் கவிமாடம். உள்ளே போனால் ஒன்றுமே இல்லை. கல் ஜன்னல் வழியாக வடிகட்டி விழும் வெளிச்சமும், வெறும் வெள்ளைப் பளிங்குப் பேழை ஒன்றுந்தான். அசல் கல்லறை அதற்கு நேர் கீழே நிலவறையில் இருக்கிறது.

"இதை யார் கட்டினாங்க? அக்பரா?"

"அக்பர் காலத்தில்தான் கட்டினார்கள். ஆனால் கட்டுவித்தது ஹுமாயூனின் மனைவி, பேகா பேகம். ஹஜ் யாத்திரை போய் வந்ததால் ஹாஜி பேகம் என்றும் சொல்வார்கள்."

"ஒரே மனைவியா?"

"பல பேர். இவள் மூத்தவள்."

"அதானே பார்த்தேன்!" என்றாள், எல்லாம் விளங்கிவிட்டவளைப் போல.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1539இல் சௌசாப் போரில் ஹுமாயூன் தோற்று ஓடியபோது பேகம் பகைவர் கையில் அகப்பட்டாள். ஷேர் ஷா அவளைக் கௌரவமாக நடத்தித் திருப்பி அனுப்பினார். ஆனால் அந்தக் குழப்பத்தில் அவளுடைய சின்னஞ்சிறு மகள் காணாமற் போனவள் போனவளேதான். பிறகு கணவனும் போனான். அதற்கு மேல் இருபத்தாறு வருஷம், 1582 வரைக்கும், அவள் உயிரோடிருந்தாள். மீரக் மிர்ஸா கியாஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1572 வாக்கில் இந்த மாளிகையை முடித்தாள். பின்னால் ஆக்ராவில் தாஜ்மகால் எழுந்தபோது அதற்கு முன்மாதிரிகளில் ஒன்றாக இது இருந்தது. 1947இல் பிரிவினைக் கொடுமையில் வீடு வாசல் இழந்து வந்த அகதிகள் ஆயிரக்கணக்கில் இந்த மதிலுக்குள்தான் முகாம் போட்டிருந்தார்கள்.

அவள் மேடையின் ஓரத்தில் நிழலில் உட்கார்ந்தாள். வெகு நேரம் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றி வைத்துவிட்டு, 'மஞ்சள் குங்குமத்தோடு நான் முந்திப் போகணும்' என்று என் காதிலும் விழும்படி வேண்டிக்கொள்வது அவள் வழக்கம். நம் பெண்கள் பலருடைய பிரார்த்தனை இது. கேட்கிற கணவனுக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டாகும். ஆனால் அந்த வேண்டுதலில் கணவன் மேலுள்ள அன்பு பாதிதான். மற்றப் பாதி, பின்கட்டு அறையைப் பற்றிய பயம்.

அந்த அறையை அவள் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவள். என் மாமியாருக்கு முப்பத்தைந்து வயதில் கணவர் தவறிவிட்டார். இரண்டு ஏக்கர் நஞ்சையை வைத்துக்கொண்டு, ஆளோடு ஆளாய் வரப்பில் நின்று, நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கரை சேர்த்தவர். எங்கள் கல்யாணத்துக்கு நெல் அளந்ததும் அவர்; நகைக்குப் பணம் புரட்டியதும் அவர்; சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்ததும் அவர். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் கூடத்துத் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். 'எதிரே வந்துவிடக் கூடாதே' என்று அவருக்கே கவலை.

"என்னங்க" என்றாள் என் மனைவி. "எங்க ஊரா இருந்தா இந்த அம்மாவை அஸ்திவாரம் தோண்டுற அன்னிக்குப் பக்கத்திலேயே விட்டிருக்க மாட்டாங்க, இல்லே?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் அவளுக்கே தெரியும்.

மாலையில், அங்கிருந்து சற்றுத் தூரத்தில் நிஜாமுதீன் பக்கமாக உள்ள ரஹீம் சமாதியையும் பார்த்தோம். அக்பரின் சேனாபதி அப்துர் ரஹீம். ஹிந்திக் கவிதையில் பெரும் பேர் பெற்றவர். அவர் தம் மனைவிக்காக அதை 1598இல் கட்டினார். 1627இல் அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் அதிலிருந்த பளிங்கையும் கல்லையும் சப்தர்ஜங் சமாதிக்காகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எத்தனையோ வருஷம் மூளியாக நின்றது. பழுது பார்த்து 2020இல்தான் திறந்தார்கள்.

"எழுதுகிறவர் ஒருவர் பெண்டாட்டிக்குக் கட்டின மாளிகை" என்றேன், சற்றுப் பெருமையோடு.

"அவர் சேனாபதியும்கூட. அதை விட்டுட்டீங்களே" என்றாள். வங்கிக்கு வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருக்கிறது. நான் பேச்சை மாற்றினேன்.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மனைவிக்காகக் கணவன் கட்டிய தாஜ்மகாலைத் தெரியாத குழந்தை நம் தேசத்தில் இல்லை. கணவனுக்காக ஒரு மனைவி அதற்கு அறுபது வருஷம் முந்தியே கட்டியது, அதற்கே வழிகாட்டி நின்றது, டில்லியில் இருக்கிறது. அதைக் கட்டியவளின் பெயரைக் கேட்டால் படித்தவர்களே விழிக்கிறோம். கணவனோடு பெண்ணின் கதை முடிந்தது என்று நாமாகத் தீர்மானம் செய்துகொண்டால், அதற்குப் பிறகு அவள் செய்வது எதுவும் நம் கண்ணில் படாது. நாற்பது மீட்டர் உயரத்துக் கவிமாடமானாலும் சரி, இரண்டு ஏக்கர் நஞ்சையானாலும் சரி.

அன்று இரவு கரோல் பாக்குக்குத் திரும்பியதும் அவள் ஊருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, ஆவணியில் கல்யாணத்துக்கு நீதான் முதல் அட்சதை போடணும். மணையில் பக்கத்திலேயே நிக்கணும். தூணுக்குப் பின்னால் போனா நானும் வந்து உன்கூட நிப்பேன்."

எதிர்ப்பக்கத்தில் பேச்சு நீண்டது. நல்ல காரியத்தில் நான் எதற்கு, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், ஊர் என்ன சொல்லும் என்ற வழக்கமான கேள்விகள். இவள் பேகத்தின் கதையைச் சொன்னாள். 'அவங்க ராணிம்மா, நான் யாரு' என்று பதில் வந்திருக்கவேண்டும். போனை என்னிடம் நீட்டினாள்.

"அத்தை, ராணிக்கு அக்பர் பாதுஷாவின் கஜானா இருந்தது. உங்களுக்கு என்ன இருந்தது?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"சரிங்க மாப்பிள்ளை" என்றார். "எனக்குன்னு பட்டெல்லாம் எடுத்துடாதீங்க. பருத்தியிலேயே எடுங்க. வெள்ளையா மட்டும் வேண்டாம்."