பழைய ஃபோர்வீல் டிரைவும் அம்மாவின் முழங்காலும்

மெல்பர்ன்ல நம்மாளுங்க நாலு பேர் சேர்ந்தா பேச்சு வீட்டு விலையில ஆரம்பிக்கும், இப்பல்லாம் ஃபோர்வீல் டிரைவ்ல போய் முடியும். கோவிட்டுக்கு அப்புறம் ஆளாளுக்குக் கூடாரத்தைத் தூக்கிக்கிட்டுக் காட்டுப்பக்கம் கிளம்பியாச்சு. எங்க வீட்டுக்கும் அந்தக் காய்ச்சல் வந்துது. பட்ஜெட் பதினெட்டாயிரம் டாலர். அந்தக் காசுக்குப் புது வண்டி கனவுலதான் வரும். ஆக, பழசுதான்.

பழசுன்னா நண்பர்கள் வாயில வர்ற முதல் பேரு லேண்ட்குரூசர் 80. 1990-லிருந்து 1997 வரைக்கும் வந்த வண்டி. முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் முழு ஆக்சில், காயில் ஸ்பிரிங், 4.2 லிட்டர் டீசல். பாறை மேல ஏறும்போது அந்த வண்டி சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கிட்டு நடக்கிற அழகே தனி. எனக்கும் அது மேல ஒரு கண்ணு. இல்லேன்னு சொன்னா பொய்.

தங்கமணி கேட்டது ஒரே கேள்விதான்: "நாம எங்க போகப்போறோம்? கணக்கு போடு."

போட்டேன். முதல் டிரிப் க்ரெய்க்ஸ் ஹட். 1982-ல வந்த 'தி மேன் ஃப்ரம் ஸ்னோயி ரிவர்' படத்துக்குப் போட்ட செட் அது. 2006 டிசம்பர் காட்டுத்தீயில எரிஞ்சுபோய், மறுபடியும் கட்டினாங்க. எங்க வீட்டுலேர்ந்து மான்ஸ்ஃபீல்டு வரைக்கும் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் நல்ல தார் ரோடு. அதுக்கு அப்புறம் மலைப்பாதை, மண் ரோடு. நிஜமா ஃபோர்வீல் தேவைப்படறது கடைசி ஓரிரண்டு கிலோமீட்டர்தான்!

அதாவது நாங்க பெரும்பாலும் ஓட்டப்போறது 100 கிலோமீட்டர் வேகத்துல, லாரிகளுக்கு நடுவுல, பின்சீட்டுல ரெண்டு பிள்ளைங்களையும் அம்மாவையும் வச்சுக்கிட்டு. 80-ல பெரும்பாலானதுல ஏர்பேக் கிடையாது. அந்தக் காலத்து வண்டிகள் பலதுல பின்னாடி நடு சீட்டுக்கு இடுப்புல கட்டற பெல்ட் மட்டும்தான். சறுக்கும்போது வண்டியைப் பிடிச்சு நிறுத்தற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் எல்லாம் பேச்சே இல்ல. ஆஸ்திரேலியாவுல புது மாடல் கார்களுக்கு அது கட்டாயமானதே 2011 நவம்பர்லதான். அன்னிக்கு ராத்திரி 80 பட்டியல்லேர்ந்து போச்சு. மனசுலேர்ந்து போக ஒரு வாரம் ஆச்சு :-)

அடுத்தது எடை. இதை நிறைய பேர் பார்க்கறதே இல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் மொத்தமா இவ்வளவுதான் எடை இருக்கலாம்னு ஒரு வரம்பு உண்டு. வெறும் வண்டியோட எடையைக் கழிச்சா, இந்த அளவு வண்டிகள்ல 600-லிருந்து 700 கிலோவுக்குள்ளதான் மிஞ்சும். எங்க கணக்கு: அஞ்சு பேரு 240, தண்ணி 60, ஃப்ரிட்ஜ் 40, கூடாரம் படுக்கை நாற்காலி 80, சாப்பாடு அடுப்பு பாத்திரம் 40, கயிறு கம்ப்ரசர் டூல்ஸ் 30. கூட்டினா 490. இதுக்கு மேல இரும்பு புல்பார், வின்ச், டிராயர், ரூஃப்ரேக்னு ஒரு 200 கிலோவை ஏத்தினா ஓரத்துல வந்து நிப்போம். 'எல்லாம் போட்டிருக்கு சார்'னு விளம்பரம் வர்ற வண்டிகளை அதனாலதான் ஒதுக்கினேன். கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கிறதா தேடினேன்.

தேறினது 2012 பஜேரோ, 3.2 டீசல். இதுல 4ஹெச்-னு ஒரு நிலை உண்டு. நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கிறதால மழையில தார் ரோட்டுலயும் நாலு சக்கரத்தையும் தைரியமா ஓட்டலாம். சாதாரண பார்ட்-டைம் ஃபோர்வீல்ல அப்படி ஓட்டினா கியர் பாகங்கள் முறுக்கிக்கும். செங்குத்தா இறங்க லோ ரேஞ்சும் இருக்கு. 80 ஏறுற எல்லா இடத்துலயும் இது ஏறாது. அந்த இடத்துக்கெல்லாம் எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு நானும் போகமாட்டேன்.

வாங்கறதுக்கு முன்னாடி பார்த்தது: ரெண்டு டாலர் கட்டி பிபிஎஸ்ஆர் சோதனை, கடன் பாக்கியோ விபத்துல கழிச்ச வண்டியோன்னு தெரிஞ்சுக்க. அடியில படுத்து உப்புத் துருவைப் பார்த்தேன், கடற்கரை மணல்ல ஓடின வண்டின்னா அங்கதான் தெரியும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி டைமிங் செயின் சத்தம் கேட்டேன். லோ ரேஞ்ச் மாத்திப் பார்த்தேன், வருசக்கணக்கா தொடாம விட்டா சிக்கிக்கும். மெக்கானிக்குக்குக் கொடுத்த 300 டாலர் வீணே இல்ல.

கடைசிப் பரீட்சை அம்மாவுக்கு. நாகர்கோவில்லேர்ந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்காங்க. எழுபத்தோரு வயசு, வலது முழங்கால் தகராறு. கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடிச்சு, பக்கப்படியில காலை வச்சு, "ஏறிட்டேன் மக்கா"ன்னாங்க. உள்ள உக்காந்து ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, "பஸ்ஸு மாதிரி நல்லா தெரியுவு"ன்னாங்க. அப்பவே பேரத்தை முடிச்சேன்.

ஹை கன்ட்ரியில ஜூன்லேர்ந்து அக்டோபர் கடைசி வரைக்கும் நிறைய தடங்களைக் கேட் போட்டுப் பூட்டிடுவாங்க. நவம்பர்ல திறப்பாங்க. அம்மாவோட டிக்கெட் டிசம்பர் ரெண்டாம் வாரம். நடுவுல கிடைக்கிறது அஞ்சு வாரம். தங்கமணி இப்பவே புளியோதரைக்குப் பொடி அரைச்சு வச்சாச்சு.