வெந்நீர்க் குளமும் ஒரு சுவரும்!

“பனி மலை உச்சியில வெந்நீர்க் குளம்டீ!”

ஹாஸ்டலில் தோழி சொன்ன இந்த ஒரு வரிதான்... செமஸ்டர் முடிந்த கையோடு நாங்க நாலு பெண்கள் இமாச்சலுக்குக் கிளம்பிட்டோம். இலக்கு, பார்வதி பள்ளத்தாக்கில் இருக்கும் கீர்கங்கா!

டெல்லியில் ஏறின ராத்திரி பஸ், காலையில் புந்தரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து லோக்கல் பஸ்ஸில் மணிகரண். குருத்வாரா பக்கத்திலேயே கொதிக்கிற ஊற்று. அரிசியைத் துணியில் மூட்டை கட்டி உள்ளே விட்டால் சோறு ரெடி. கேஸும் வேணாம், குக்கரும் வேணாம்!

‘எரிமலை ஏதாச்சும் வெடிச்சிடாதே?’னு ஒருத்திக்கு உதறல். பயப்படாதீங்க பாஸ், இங்கே எரிமலையே கிடையாது. மழைத் தண்ணியும் உருகின பனியும் பாறை வெடிப்பு வழியா ஆழத்துக்கு இறங்குது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். அங்கே காய்ந்து, வேறொரு வெடிப்பு வழியா மேலே வந்துடுது. கரன்ட் பில் இல்லாத கீசர்!

பர்ஷைனியோடு எங்க பஸ் பயணம் முடிஞ்சது. அப்புறம் சுமார் 12 கிலோமீட்டர் நடராஜா சர்வீஸ்தான்! நக்தான் கிராமம், ருத்ரநாக் அருவி வரைக்கும் அரட்டையிலேயே ஓடிப்போச்சு. அதுக்கு மேலே அடர்ந்த காடு, மூச்சு முட்டும் ஏற்றம். பேச்சு நின்னு மூச்சு மட்டும்தான் கேட்டது. கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரத்தில், தண்ணியில ஆவி பறக்கிறதைப் பார்த்ததும் கத்தியே விட்டோம்!

இங்கேதான் கார்த்திகேயன் தவம் இருந்தாராம். அட, நம்ம முருகன்! கோபம்னா பழனி, தவம்னா கீர்கங்கா போல!

ஆனா, குளத்துக்கிட்டே போனதும் உற்சாகம் புஸ்! ஆண்கள் குளம் திறந்தவெளி. கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து சிகரங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். பெண்களுக்கு? சுற்றிலும் சுவர்.

‘இதுக்கா இவ்ளோ தூரம் நடந்தோம்?’ முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுதான் உள்ளே போனேன். சூடு தாங்காமல் நான் துள்ளியதும், முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த ஒரு மலைக் கிராமத்துப் பாட்டி சிரித்தார். கையைப் பிடித்து, முதலில் பாதம், அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு என்று மெதுவாக இறக்கிவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தகராறு. ஆனாலும், அரை மணி நேரம் பேசினோம்! கால் வலி இருந்த இடம் தெரியலை.

வெளியே செல்போன் கேமராக்கள் சுத்திக்கிட்டு இருந்தன. உள்ளே யாருக்கும் அந்தக் கவலை இல்லை. சுவர் எதுக்குனு அப்பதான் புரிஞ்சது.

ஆனாலும், சிவில் படிக்கிற பொண்ணா எனக்கு ஒரு டவுட்... ஆட்கள் நடமாடுற பக்கம் சுவர் இருக்கட்டும். சிகரம் தெரியுற பக்கம் எதுக்கு? மலை எங்களை எட்டிப் பார்க்காது. பாட்டியும் நானும்தான் மலையைப் பார்க்க ஆசைப்படுறோம்!

போறவங்க கவனத்துக்கு: ஜூலை, ஆகஸ்ட் மழையில் நிலச்சரிவு அபாயம் உண்டு. மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர் பெஸ்ட். விடிகாலையில் நடக்க ஆரம்பிங்க. குளத்தில் சோப்பு, ஷாம்பு... மூச்!