முனியாண்டி வீட்டு விருந்து

மேல்நாட்டு உல்லாச விடுதிகளில் மிக்கி மவுஸ் வேஷதாரி மேஜை மேஜையாக வந்து கைகுலுக்க, ஜனங்கள் காசு கொடுத்துக் காலைப் பலகாரம் சாப்பிடுகிறார்கள். நம் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டிக்கு வந்து பாருங்கள், சகோதரிகளே! தைமாதத் திருவிழாவில் அங்கே விருந்து வைப்பவர் சாட்சாத் முனியாண்டி சாமி. காலைப் பலகாரமோ, ஆட்டுக்கறி பிரியாணி!

இவ்வூர்க்காரர் ஒருவர் 1937-இல் காரைக்குடியில் முதல் முனியாண்டி விலாஸைத் தொடங்கினார். பிறகு ஊருக்கு ஊர் கிளம்பிய ஓட்டல்காரர்கள், தினமும் முதல் விற்பனைப் பணத்தைச் சாமிக்கென்று எடுத்து வைப்பார்கள். அந்தப் பணந்தான் அண்டா அண்டாவாக வேகிறது.

எனக்குப் பரிமாறியவர் ஓர் ஓட்டல் முதலாளி. வருஷமெல்லாம் கல்லாவில் காசு வாங்கும் கை, அன்று கரண்டி பிடித்திருந்தது.

"இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுமா, தாயி?"

மற்ற முனியாண்டி விலாஸ்களில் பில் உண்டு. இது சாமியின் சொந்த வீடல்லவா?