கால் கிலோ கறியில் கோலா உருண்டை

ஆட்டுக்கறி விலை கேட்டாலே மயக்கம் வருகிற காலம் இது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் விடிந்தால் வீட்டில் யாருக்கும் முகம் சரியாக இருப்பதில்லை. எங்கள் வீட்டில் அதற்கு வழி கோலா உருண்டை. கால் கிலோ கறியைக் குழம்பு வைத்தால் ஆளுக்கு நாலு துண்டு தேறாது. அதையே கொத்தி உருண்டை பிடித்தால் தட்டு நிறையும்.

கடைக்காரரிடம் கொழுப்பை நீக்கிவிட்டுக் கொத்தித் தரச் சொல்லுங்கள். மஞ்சள்தூள், உப்பு போட்டுத் தண்ணீர் சுண்டும்வரை வதக்கி ஆறவிடுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, பட்டை, இஞ்சி, பூண்டு, கொஞ்சம் தேங்காய் ஆகியவற்றை வதக்கி, கறியோடு சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைக்கவேண்டும். கடைசியில் பொட்டுக்கடலை மாவு. ஈரத்தை இழுத்து உருண்டை உடையாமல் பிடித்துக்கொள்வது அதுதான், முட்டை தேவையில்லை.

இன்னும் சிக்கனம் வேண்டுமா? ஒரு கை மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து கறியோடு அரையுங்கள். காய்ந்த மீல்மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம். மசாலாவோடு அரைபட்டபின் பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியாது.

வாணலி நிறைய எண்ணெய் ஊற்றவேண்டாம். பணியாரக்கல்லில் குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, சிறு தீயில் திருப்பித் திருப்பிச் சிவக்கவிட்டால் போதும்.

இந்த ஞாயிறு செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ரசம் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணை உண்டா என்று.