உள்ளபடி காட்டும் திரை

நம் தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. அவர் நினைவாக எஞ்சிய வண்ண நிழற்படம் ஒன்றே ஒன்று. கறை படிந்து வெளிறிய அப்படத்தைக் கணிப்பொறியில் ஏற்றிச் செப்பனிட்டு, அவருடைய தமக்கையாராகிய நம் அத்தையிடம் அளிக்க விழைந்தோம். வீட்டிலிருந்த பழைய திரையின்முன் பத்து இரவுகள் உழைத்தோம். திரையில் படம் பொலிவுற விளங்கிற்று. அச்சிட்டுக் கொண்டுசென்றபோது, அத்தை நெடுநேரம் நோக்கிவிட்டு, “உங்க அப்பா ஒருநாளும் நோயில படுத்ததில்லையேப்பா, முகம் ஏன் இப்படி மஞ்சளாக் கறுத்துக் கிடக்கு?” என்றார். நாம் தலைகவிழ்ந்தோம்.

பிழை எங்கே நேர்ந்தது? நம் திரை அளவுக்கு மீறி ஒளிர்ந்தது. ஆகவே படத்தை இருளச் செய்தோம். திரையின் வெண்மையில் நீலம் ஓங்கி நின்றது. அதனை ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டினோம். திரையின் குறையைப் படத்தின் குறையென மயங்கி, குற்றமற்ற முகத்திற்கு மருத்துவம் செய்தோம்!

புதிய திரை வாங்கப் புறப்பட்டோம். ஆசிரியர் ஊதியம் அறிந்த செலவாகவே அஃது அமைய வேண்டும். கடைக்காரர் வளைந்த திரையையும், நொடிக்கு 165 முறை காட்சி புதுக்கும் திரையையும் புகழ்ந்தார். அவை கணிப்பொறி விளையாட்டிற்கு உகந்தவை. அசையாப் படத்திற்கு அவற்றால் பயன் சிறிதே.

நாம் வினவியவை மூன்று. முதலாவது, பக்கவாட்டில் நின்று நோக்கினும் நிறம் பெரிதும் திரியாத ஐ.பி.எஸ். வகையா? இரண்டாவது, 1996இல் முன்மொழியப்பெற்று 1999இல் பன்னாட்டுத் தரமாகிய எஸ்.ஆர்.ஜி.பி. வண்ண எல்லையை ஏறத்தாழ முழுமையாகக் காட்டுமா? மூன்றாவது, 8 பிட் ஆழம் உடையதா? 6 பிட்டில் ஒவ்வோர் அடிப்படை வண்ணத்திற்கும் 64 படிநிலைகளே. 8 பிட்டில் 256. முகத்தின் மென்னிழல் அப்படிநிலைகளில்தான் உயிர்பெறுகிறது. இம்மூன்றும் பொருந்திய 24 அங்குலத் திரை, 12,000 ரூபாய்க்குள்ளேயே கிடைத்தது.

வாங்கியதோடு கடமை முடியவில்லை. வெண்மையை 6500 கெல்வினுக்கு அமைத்தோம். அறை விளக்கொளியில் வெள்ளைத் தாளொன்றைத் திரையருகே பிடித்து, இரண்டும் ஒத்த வெண்மையாகத் தோன்றும்வரை ஒளியைக் குறைத்தோம். நிழற்படக் கலைஞராகிய நண்பரிடம் அளவீட்டுக் கருவியை ஓரிரவு இரவல் பெற்று நிறங்களைச் சரிபார்த்தோம். பின்னர், செப்பனிடும் பணியை முதலிலிருந்து தொடங்கினோம்.

இரண்டாம் அச்சினைக் கண்ட அத்தை ஒன்றும் உரைத்தாரில்லை. முந்தானையால் படத்தின் மேற்புறத்தை மெல்லத் துடைத்தார். அதில் தூசி ஏதும் இருக்கவில்லை.

மாணவச் செல்வங்களே! கண்ணைக் கவரும் திரை கடைதோறும் உண்டு. உள்ளதை உள்ளபடி காட்டும் திரையைத் தேடிப் பெறுங்கள். பிறர் முகத்தில் குறை காணுமுன், நாம் நோக்கும் திரை நேரியதா என்று ஒருமுறை ஆராய்வதும் நன்றன்றோ!